அத்தியாயம் 6: பத்தாயிரம் பேரை எப்படி எண்ணுவது?

கரும்பலகையில் ‘கிரேக்க-பாரசீகப் போர்கள்’ என்று எழுதிவிட்டுத் திரும்புவதற்குள் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்துவிடும்: “சார், ‘300’ படம்தானே?”

அந்தக் குரலை அதட்டாதீர்கள். 2007-இல் திரைக்கு வந்த அந்தப் படத்தைப் பிள்ளைகளில் பலர் செல்போனில் துண்டு துண்டாகப் பார்த்திருப்பார்கள். அவர்களைப் பொறுத்தவரை வழக்கு முடிந்து தீர்ப்பும் வந்துவிட்டது. கட்டுமஸ்தான முந்நூறு பேர் நல்லவர்கள். முகமெல்லாம் வளையம் மாட்டிய ராஜா கெட்டவன். இதைக் கேட்டதும் நமக்கு வரும் முதல் ஆசை, பாரசீகத்துக்கு வக்கீலாகிவிடுவது. நானும் சில வருடங்கள் அப்படி வாதாடிப் பார்த்தேன். பிள்ளைகளில் பாதிப் பேர் கட்சி மாறினார்கள். வரலாறு படித்தவர்கள் ஒருவரும் இல்லை.

பிறகு கிடைத்த வழி மிக எளிது. நல்லவன் கெட்டவன் பேச்சை எடுக்காமல் எண்ணச் சொல்வது. எத்தனை பேர், என்ன சாப்பிட்டார்கள், எவ்வளவு அகலமான இடத்தில் நின்றார்கள், இதையெல்லாம் யார் எண்ணினார், அவருக்கு எப்படித் தெரியும். பதின்மூன்று வயதுக்கு மேல் பெரியவர்களின் பொய்யைக் கண்டுபிடிப்பதில் வரும் ஆனந்தம் தனி. அதைப் பயன்படுத்திக்கொள்வதுதான் இந்த அத்தியாயம். நாற்பது நிமிட பீரியட் ஐந்து போதும். சாக்பீஸ், ஒரு நீளக் கயிறு, விளையாட்டு அறையிலிருந்து கேரம் போர்டு, யார் வீட்டிலிருந்தாவது இரண்டு முறம், பழைய அட்டைப்பெட்டிகள். இவ்வளவே முதலீடு.

முன்கதை, பத்து நிமிடத்தில்

வரைபடத்தில் துருக்கியின் மேற்குக் கரையைக் காட்டுங்கள். அங்கே ஐயோனியா என்ற பகுதியில் கிரேக்க மொழி பேசும் நகரங்கள் இருந்தன. கி.மு. 6-ஆம் நூற்றாண்டின் நடுவில் அவை பாரசீகப் பேரரசின் கீழ் வந்தன. கி.மு. 499-இல் அவை கலகம் செய்தன. கடலுக்கு அந்தப்பக்கம் இருந்த ஏதென்ஸ் 20 கப்பலும் எரெட்ரியா நகரம் 5 கப்பலும் அனுப்பி உதவின. பாரசீக ஆளுநரின் நகரமான சார்டிஸ் எரிந்தது. கலகத்தை அடக்கி முடித்த பேரரசர் டேரியஸ், 490-இல் ஏதென்ஸ் மீது கடல்வழியாகப் படை அனுப்பினார். அது மாரத்தானில் தோற்றது. பத்து வருடம் கழித்து அவர் மகன் செர்க்சஸ் தானே பெரும்படையுடன் வந்தார். தெர்மோபைலேவில் தரைப்போரும் சலாமிஸில் கடற்போரும் 480-இல் நடந்தன; கடற்போரில் பாரசீகம் தோற்றது. 479-இல் பிளாட்டியாவில் தரைப்படையும் தோற்றது. அவ்வளவுதான், இதற்கு மேல் முன்கதை வேண்டாம்.

ஒரே ஒரு சொல்லுக்கு மட்டும் இங்கே நிதானியுங்கள். ஐயோனியர்களைப் பாரசீகர்கள் ‘யௌன’ என்றார்கள். டேரியஸின் கல்வெட்டுகளிலேயே அந்தச் சொல் இருக்கிறது. அதுதான் வடமொழியில் ‘யவன’ ஆகி, சங்கப் பாடல்களில் ‘யவனர்’ என்று வந்து நிற்கிறது. தமிழ் ஐயா வகுப்பில் படித்த யவனர், கலகம் செய்த இந்த ஐயோனியர் பெயரைத்தான் சுமந்துகொண்டு வந்தார்கள் என்று சொன்னால், தூங்கிக்கொண்டிருந்த இரண்டு பேர் நிமிர்ந்து உட்காருவார்கள்.

கி.மு. வருடங்கள் இறங்குமுகமாகப் போவது பலருக்குக் குழப்பம். கயிற்றை நீளமாகப் பிடித்து நடுவில் முடிச்சுப் போட்டு, இருபுறமும் பிள்ளைகளை வருடங்களாக நிறுத்துங்கள். சுழியம் என்ற வருடம் இல்லை என்பது அப்போதுதான் உறைக்கும். பிறகு ஒரு கேள்வி: மாரத்தான் போர் நடந்து 2500 வருடம் எப்போது நிறைந்தது? ஏதென்ஸ் நகரமே தன் மாரத்தான் ஓட்டத்தில் 2010-இல் அதைக் கொண்டாடியது. கணக்குப்படி 2011. பெரியவர்கள் ஒரு வருடம் முந்திவிட்டார்கள் என்று வகுப்பு கண்டுபிடிக்கும் அந்த நிமிடம், மீதி நான்கு பீரியடுக்கும் அச்சாரம்.

டோரிஸ்கஸ் மைதானம்

இதற்கு ஒரு முழு பீரியட் கொடுங்கள். தேவைப்பட்டால் கணக்கு ஆசிரியரிடம் கெஞ்சி இன்னொன்றும் வாங்குங்கள்.

இந்தப் போர்களைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி ஹெரோடோட்டஸ் என்ற ஒருவர் எழுதியது. செர்க்சஸ் படையெடுத்தபோது அவர் சின்னக் குழந்தை. பிறகு ஊர் ஊராகப் போய் விசாரித்து எழுதினார். அவர் சொல்லும் கதை இது: ஐரோப்பாவுக்குள் வந்த செர்க்சஸ், டோரிஸ்கஸ் என்ற கடலோரச் சமவெளியில் படையை எண்ண நினைத்தார். பத்தாயிரம் பேரை ஒரே இடத்தில் நெருக்கி நிறுத்தி, அவர்களைச் சுற்றி வட்டம் போட்டார்கள். அவர்களை வெளியே அனுப்பிவிட்டு வட்டத்தின் மேல் தொப்புள் உயரத்துக்குச் சுவர் எழுப்பினார்கள். அப்புறம் அந்தத் தொட்டியை நிரப்புவதும் காலி செய்வதுமாக எண்ணினார்கள். தரைப்படை 17 லட்சம் என்று வந்தது. அதாவது 170 தடவை நிரப்பியிருக்கிறார்கள்.

மைதானத்தில் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரம் போடுங்கள். எத்தனை பேர் நிற்க முடிகிறது? சிரிப்பும் இடியுமாக ஐந்து பேர் நிற்பார்கள். (ஆண் பெண் தனித்தனிக் குழுவாக நிறுத்துங்கள், வீண் வம்பு வேண்டாம்.) அப்படியானால் பத்தாயிரம் பேருக்கு 2000 சதுர மீட்டர். ஒரு கபடிக் களம் 130 சதுர மீட்டர். பதினைந்து களம் சேர்ந்தால் ஒரு தொட்டி. ஒரு தடவை நிரப்பிக் காலி செய்யக் கால் மணி நேரம் என்று வைத்தால் 170 தடவைக்கு நாற்பத்திரண்டரை மணி நேரம். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் எண்ணினால் ஐந்தரை நாளுக்குள் முடிந்துவிடும். அட, நடக்கக்கூடியதுதானே! வகுப்பு ஹெரோடோட்டஸை நம்ப ஆரம்பிக்கும். நம்பட்டும்.

அடுத்து சாப்பாட்டைக் கொண்டுவாருங்கள். கப்பற்படையையும் வழியில் சேர்ந்தவர்களையும் பணியாட்களையும் கூட்டி, மொத்தம் 52,83,220 பேர் என்று முடிக்கிறார் ஹெரோடோட்டஸ். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கொய்னிக்ஸ் தானியம் என்று அவரே கணக்கும் போடுகிறார். கொய்னிக்ஸ் என்பது நம் லிட்டர் படிக்குச் சற்று மேல். நாற்பத்தெட்டு கொய்னிக்ஸ் ஒரு மெடிம்னஸ். அவர் காட்டும் விடை, தினமும் 1,10,340 மெடிம்னஸ். பிள்ளைகளை வகுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 1,10,067-தான் வரும். 273 மூட்டைக்கு வரலாற்றின் தந்தை கோட்டை விட்டிருக்கிறார். இந்த இடத்தில் வகுப்பில் எழும் கூச்சலைத் தலைமையாசிரியர் அறைவரை கேட்கலாம், முன்கூட்டியே சொல்லிவைத்துவிடுங்கள்.

பிழை சின்னது. பெரிய சங்கதி அந்த அளவில் இருக்கிறது. லிட்டருக்கு எண்ணூறு கிராம் என்று வைத்தால் ஒரு நாளைக்கு 4,200 டன் தானியம். பத்து டன் லாரியில் 420 லாரி. அவர்களிடம் லாரி ஏது? ஓர் ஒட்டகம் 200 கிலோ சுமந்தால், ஒரே ஒரு நாள் உணவுக்கு 21,000 ஒட்டகம். அந்த ஒட்டகத்துக்குத் தீனி? தண்ணீர்? ஐந்து நிமிடத்துக்கு முன் நம்பத் தகுந்ததாக இருந்த எண் கண்ணெதிரே சரிந்து விழும். இன்றைய ஆய்வாளர்கள் பெரும்பாலும் சொல்வது ஒரு லட்சத்தை ஒட்டிய எண்ணிக்கை முதல் இரண்டு மூன்று லட்சம் வரை. அதுவே அந்தக் காலத்துக்குப் பிரமாண்டம்.

“அப்போ அவர் பொய் சொன்னாரா சார்?” என்ற கேள்வி வரும். ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லித் தப்பிக்காதீர்கள். திரேஸ், மாசிடோனியா வழிநெடுகிலும் பாரசீகர்கள் முன்கூட்டியே தானியக் கிடங்கு அமைத்தார்கள் என்பதையும் எழுதிவைத்தவர் அவர்தான். ஆதோஸ் முனையில் கப்பல் போக இரண்டு கிலோமீட்டருக்குக் கால்வாய் வெட்டினார்கள் என்றும் எழுதினார். அதை நெடுங்காலம் சந்தேகித்தவர்கள் உண்டு. மண்ணுக்கடியில் அளந்து பார்த்ததில் கால்வாய் இருந்தது உறுதியானது. ஒரே மனிதர் ஓரிடத்தில் தவறுவார், இன்னோரிடத்தில் சரியாகச் சொல்வார். ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சோதிக்கவேண்டியிருக்கிறது.

கேரம் போர்டும் முறமும்

கிரேக்கக் காலாள் வீரன் சுமந்த வட்டக் கேடயம் ஏறக்குறைய 90 சென்டிமீட்டர் அகலம், ஏழு கிலோ அளவுக்கு எடை. சட்டத்தோடு சேர்த்துக் கேரம் போர்டும் கிட்டத்தட்ட அதே அகலம்தான். எடை சற்றுக் கூடவே இருக்கும். பழைய துண்டைக் குறுக்கே கட்டி, இடது முன்கையை அதில் நுழைத்துத் தூக்கி நிற்கச் சொல்லுங்கள். வகுப்பிலேயே பலசாலிக்குக்கூட இரண்டு நிமிடத்தில் கை நடுங்கும். வெயிலில் வெண்கலத் தலைக்கவசத்தோடு ஒரு பகல் முழுக்க என்று நினைத்துப் பார்க்கட்டும்.

பிறகு அட்டைப்பெட்டியில் அதே அகலத்துக்கு வட்டங்கள் வெட்டி, எட்டுப் பேரைத் தோளோடு தோளாக நிறுத்தி நேராக நடக்கச் சொல்லுங்கள். கேடயம் இடது கையில் இருப்பதால் அது தன் இடப்பக்கத்தையும், பக்கத்தில் நிற்பவனின் வலப்பக்கத்தையும் மறைக்கும். ஒவ்வொருவனும் தன் வலப்பக்கத்து ஆளின் கேடயத்துக்குள் ஒண்டப் பார்ப்பான். வரிசை மெல்ல வலப்புறமாகச் சாயும். இதைத் துசிடிடீஸ் என்ற கிரேக்க வரலாற்றாசிரியர் குறித்துவைத்திருக்கிறார். அதை முதலில் சொல்லிவிடாதீர்கள். நடந்து பார்த்து, ஏன் கோணலாகிறது என்று அவர்களே கேட்கட்டும். கம்பு, ஸ்கேல், துடைப்பம் எதையும் ஈட்டியாகக் கொடுக்கக் கூடாது. இதில் விட்டுக்கொடுக்கவே வேண்டாம்.

பாரசீக முன்வரிசையின் கேடயம் பிரம்பு வேலை. அதைச் சுவர்போல நட்டு, பின்னாலிருந்து அம்பு தொடுப்பார்கள். முறத்தைக் கையில் கொடுத்துக் கட்டைவிரலால் அழுத்தச் சொல்லுங்கள். முறத்தால் புலியை விரட்டிய கதை நம் பிள்ளைகளுக்குத் தெரியும். யாராவது அதை எடுத்துவிடுவார்கள், சிரித்துவிட்டுத் தொடருங்கள். தூரத்திலிருந்து அம்பு மழை பொழிந்து வென்ற படை அது. சுவர் சரிந்து கைகலப்பு வந்தால் கனத்த கவசம் இல்லாத குறை தெரியும். மாரத்தானிலும் பிளாட்டியாவிலும் நடந்ததற்கு வீரம், கோழைத்தனம் என்ற சொற்கள் இல்லாமலே பாதி விளக்கம் கிடைத்துவிட்டது.

மாரத்தானில் இறந்தவர்கள் ஏதென்ஸ் தரப்பில் 192, பாரசீகத் தரப்பில் 6,400 என்கிறார் ஹெரோடோட்டஸ். 192 பேரின் சமாதி மேடு இன்றும் அங்கே இருக்கிறது. எதிரியின் பிணத்தை யார் எண்ணினார்கள்? இதற்கு ஒரு சுவையான துப்பு உண்டு. கொல்லும் ஒவ்வோர் எதிரிக்கும் ஓர் ஆடு பலி தருவதாக ஏதென்ஸ்காரர்கள் ஆர்டிமிஸ் தெய்வத்துக்கு நேர்ந்துகொண்டார்களாம். அவ்வளவு ஆடு கிடைக்காததால் வருடத்துக்கு 500 என்று தவணை கட்டினார்களாம். செனபோன் என்ற எழுத்தாளர் சொல்வது இது. நேர்த்திக்கடன் என்றால் எண்ணித்தானே ஆகவேண்டும் என்று பிள்ளைகள் ஒத்துக்கொள்வார்கள். உடனே அடுத்த கேள்வியைப் போடுங்கள்: 6,400 ஆடு, வருடம் 500 என்றால் பதின்மூன்றாம் வருடத்தில் கடன் தீர்ந்திருக்குமே? கிட்டத்தட்ட தொண்ணூறு வருடம் கழித்தும் பலி நடக்கிறது என்கிறாரே செனபோன்? விடை என்னிடம் கேட்காதீர்கள். வகுப்பில் வரும் ஊகங்கள் என்னுடையதைவிட நன்றாக இருக்கும்.

முந்நூறு பேர் மட்டுமா?

படத்தில் வரும் தெர்மோபைலே போருக்கு வகுப்பறைக் கதவே போதும். பத்துப் பேர் கதவுக்குள் நின்றுகொண்டு நாற்பது பேரை மெதுவாக உள்ளே வரச் சொன்னால், ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கு மேல் எதிரே நிற்க முடியாது என்பது புரியும். மலைக்கும் கடலுக்கும் இடையே சுமார் பதினைந்து மீட்டர் இடைவெளியில் நடந்த சண்டை அது. இன்றைய படத்தைக் காட்டினால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டலில் கடல் பல கிலோமீட்டர் பின்வாங்கிவிட்டது.

எண்ணிக்கைக்கு வருவோம். கிரேக்கர் தரப்பில் தொடக்கத்தில் ஏறக்குறைய 7,000 பேர். கடைசி நாளில் 300 ஸ்பார்ட்டாக்காரர்களோடு தெஸ்பியா என்ற சின்ன ஊரின் 700 பேர் தாங்களாகவே நின்று செத்தார்கள். தீப்ஸ்காரர்கள் 400 பேரும் இருந்தார்கள். ஸ்பார்ட்டாவின் நிலங்களை உழுத ஹெலட் என்ற அடிமைகளும் அங்கே இருந்தார்கள். படத்துக்கு ஏன் ‘700’ என்று பெயர் வைக்கவில்லை என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். ஸ்பார்ட்டா மன்னர் லியோனிடாஸுக்கு அங்கே 1955-இல் நினைவுச் சின்னம் வைத்தார்கள். தெஸ்பியாக்காரர்களுக்கு 1997-இல்தான் வந்தது.

வெள்ளியை என்ன செய்வது?

என் அனுபவத்தில் ஐந்து பீரியடில் மிகச் சூடாகப் போவது இது. கி.மு. 483 வாக்கில் லாரியம் சுரங்கத்தில் ஏதென்ஸுக்குப் புதையல்போல் வெள்ளி கிடைத்தது. ஆளுக்குப் பத்து திராக்மா பங்கிட்டுக் கொடுத்துவிடலாம் என்பது பொதுவான எண்ணம். தெமிஸ்டோக்ளிஸ் என்ற தலைவர் மட்டும், வேண்டாம், கப்பல் கட்டுவோம் என்றார். பக்கத்துத் தீவான ஏஜினாவோடு இருந்த சண்டையைக் காரணம் காட்டியே ஊரைச் சம்மதிக்க வைத்தார்.

வகுப்பை மக்கள் சபையாக்குங்கள். கையில் காசா, கப்பலா? நம் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பொங்கல் பரிசுப் பணம் தெரியும். ஒப்பீட்டை அவர்களே கொண்டுவருவார்கள். கட்சிப் பெயர் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், மற்றபடி பேச விடுங்கள். செர்க்சஸ் வருவாரா, எப்போது வருவார் என்பது யாருக்கும் உறுதியாகத் தெரியாது என்று நினைவூட்டுங்கள். வாக்கெடுப்புக்குக் கை தூக்கும் நேரத்தில், பெண்கள் கையை இறக்கிவிடுங்கள், உங்களுக்கு ஓட்டு இல்லை என்று சொல்லுங்கள். வெளியூரில் பிறந்தவர்களும் இறக்கட்டும். அடிமைகளுக்கு ஓட்டு இல்லை. அந்த வெள்ளியைத் தோண்டியவர்களோ அடிமைகள். பெண் பிள்ளைகளிடமிருந்து வரும் கோபம் ஏதென்ஸின் ஜனநாயகத்தைப் பற்றி நான் நடத்திய எந்தப் பாடத்தையும்விட நன்றாக நடத்தியிருக்கிறது.

கோபம் அடங்குமுன் ஆர்டிமிசியாவை அறிமுகம் செய்யுங்கள். ஹலிகர்னாசஸ் நகரின் அரசி, கிரேக்கப் பெண், செர்க்சஸ் பக்கம் கப்பல் ஓட்டிவந்தவர். சலாமிஸ் நீரிணையில் சண்டை வேண்டாம் என்று மன்னரிடம் சொன்னவர் அவர். மன்னர் கேட்கவில்லை. கப்பலுக்கு 170 துடுப்புக்காரர்கள் வீதம் கட்டப்பட்ட ஏதென்ஸின் கப்பல்கள் குறுகிய நீரில் பாரசீகக் கப்பற்படையை உடைத்தன. தப்பிக்க வழியில்லாத ஆர்டிமிசியா தன் தரப்புக் கப்பல் ஒன்றையே இடித்து மூழ்கடித்தார். துரத்திவந்தவர், இவரும் நம் ஆள் போலிருக்கிறது என்று விலகிப் போய்விட்டார். கதை சொல்லும் ஹெரோடோட்டஸின் சொந்த ஊர் எது? அதே ஹலிகர்னாசஸ். இதை வகுப்பே கவனித்துச் சொல்லும்வரை காத்திருங்கள்.

எதிர்த்தரப்பின் பேரேடு

பாரசீகர்கள் எழுதிய போர் வரலாறு ஒன்றும் நமக்குக் கிடைக்கவில்லை. கிடைத்திருப்பது கணக்கு. 1933-34-இல் பாரசீகத் தலைநகர் பெர்சபோலிஸில் தோண்டியெடுத்த ஆயிரக்கணக்கான களிமண் பலகைகள் டேரியஸ் காலத்து ரேஷன் பதிவேடுகள். யாருக்கு எவ்வளவு பார்லி, எவ்வளவு மது, பயணிக்கு என்ன, வேலையாளுக்கு என்ன. பிள்ளை பெற்ற பெண்களுக்குத் தனிப்படி கொடுத்திருக்கிறார்கள். ஆண் குழந்தை என்றால் பெண் குழந்தைக்குக் கொடுத்ததைப்போல் இரண்டு மடங்கு. அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். படத்தில் பூதங்களாக வந்தவர்கள் படியளந்து கையெழுத்து வாங்கிய குமாஸ்தாக்களாகவும் இருந்தார்கள். டோரிஸ்கஸ் கணக்கோடு இதை இணைத்துப் பார்க்கச் சொன்னால், அவ்வளவு தூரம் ஒரு படை எப்படி வந்து சேர்ந்தது என்பதற்கு விடை இங்கிருந்து வரும்.

“நம்ம ஆளுங்க யாராவது இருந்தாங்களா?” இந்தக் கேள்வி தவறாமல் வரும். சிந்து சமவெளிப் பகுதி அப்போது பாரசீகத்தின் கீழ் இருந்தது. செர்க்சஸின் படையில் பருத்தி உடுத்து, மூங்கில் வகை வில்லேந்திய இந்தியர்கள் இருந்ததாக ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். பிளாட்டியாவரை போனார்கள். அவர்கள் தமிழர்கள் அல்லர். ஆர்வக்கோளாறில் அப்படி ஆக்கிவிடாதீர்கள். நான்கு பீரியடாக நீங்கள் கட்டியதெல்லாம் ஒரே வாக்கியத்தில் போய்விடும்.

மதிப்பெண் எதற்கு?

வருடங்களை ஒப்பிப்பதற்கு மதிப்பெண் கொடுக்காதீர்கள். நான் கொடுக்கும் வேலை ஒன்றுதான். மாரத்தானிலிருந்து ஏதென்ஸுக்கு ஓடி, வெற்றிச் செய்தி சொல்லிவிட்டு விழுந்து செத்த வீரனின் கதை உண்மையா? துணுக்குகள் தருவேன். ஹெரோடோட்டஸில் அந்த ஓட்டமே இல்லை. அவர் சொல்வது போருக்கு முன் உதவி கேட்டு ஸ்பார்ட்டாவுக்கு 240 கிலோமீட்டர் ஓடியவனைப் பற்றி. ஏதென்ஸ் ஓட்டத்தைச் சொல்லும் புளூடார்க் என்ற எழுத்தாளர் ஐந்நூறு வருடங்களுக்கும் மேல் பிந்தியவர். அவரிடம் ஓடியவனின் பெயர் வேறு. 1896 ஒலிம்பிக்கில் ஓட்டப்போட்டி வந்தது. 42.195 கிலோமீட்டர் என்ற தூரம் 1908 லண்டன் ஒலிம்பிக்கில் வந்தது. ஒரு பக்கத்தில் தீர்ப்பு எழுதச் சொல்வேன். ‘உண்மை’ என்று எழுதினாலும் ‘பொய்’ என்று எழுதினாலும் முழு மதிப்பெண் உண்டு, யார் எப்போது சொன்னார் என்று காட்டியிருந்தால்.

மணியடிக்க ஐந்து நிமிடம் மீதமிருந்தால் ஒரு தூணின் படத்தைக் காட்டுங்கள். பிளாட்டியாவில் கிடைத்த கொள்ளைப்பொருளைக் கொண்டு, மூன்று பாம்புகள் பின்னிய வெண்கலத் தூணாக வார்த்து டெல்ஃபியில் நிறுத்தினார்கள். பாரசீகத்தை எதிர்த்து நின்ற கிரேக்க நகரங்களின் பெயர்கள் அதில் பொறிக்கப்பட்டன. நூற்றுக்கணக்கான நகரங்கள் இருந்த நாட்டில் அந்தப் பட்டியலில் இருப்பவை 31. தெர்மோபைலேவுக்கு ஆள் அனுப்பியிருந்த தீப்ஸ் உட்படப் பல ஊர்கள் செர்க்சஸ் பக்கம் நின்றன, பல ஊர்கள் ஒதுங்கிக்கொண்டன. பிற்காலத்தில் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் தூணைப் பெயர்த்துத் தன் தலைநகருக்குக் கொண்டுபோனார். இன்று இஸ்தான்புல் எனப்படும் அந்த நகரில், பழைய குதிரைப் பந்தயத் திடலில், தலைகள் உடைந்த நிலையில் அது இன்னும் நிற்கிறது. ஒரு பாம்பின் மேல்தாடை மட்டும் அந்த நகரத்துத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.